அலரும் இற்செறிப்பும்

விடுதி அலுவலக அறையின் மூலையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. ஏ4 தாள் கட்டுகள் வந்திறங்கிய பெட்டி. இரவு எட்டு மணிக்கு மாணவிகள் வரிசையில் வந்து கைபேசியை அணைத்து அதில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒவ்வொரு பேசியின் முதுகிலும் அறை எண் எழுதிய தாள் ஒட்டியிருக்கும். காலை ஆறரைக்குத் திரும்பப் பெறலாம். இந்த ஏற்பாட்டை அறிவித்த சுற்றறிக்கையின் கீழே இருந்த மூன்று கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது.

இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியின் முகத்தை யாரோ அவளுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து எடுத்து, வேறொரு நிர்வாண உடலில் ஒட்டி, பெயர், துறை, ஊர், கைபேசி எண் எல்லாம் சேர்த்து ஓர் இணையதளத்தில் போட்டுவிட்டார்கள். அவள் துணிந்து எங்களிடம் வந்து சொன்னாள். நாங்கள் குழுவாக உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினோம். கல்லூரியின் பெயர், பெற்றோரின் பயம், மற்ற பிள்ளைகளின் பாதுகாப்பு என்று பலவும் பேசிக் கடைசியில் அந்தப் பெட்டிக்கு வந்து சேர்ந்தோம். காவல் நிலையத்துக்கு அவளோடு போனது அவளுடைய அக்கா. அங்கே, சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது, நாளாகும் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

பெட்டி வந்த மூன்றாம் நாள் அவள் தன் பேசியை அதில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “மேடம், அந்தப் படத்தைப் போட்டவன் போனை எந்தப் பெட்டியில வெச்சிருக்காங்க?”

குரலில் கோபம்கூட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டாள். நான், “போய்ப் படிம்மா” என்றேன்.

தமிழ் படித்துத் தமிழ் கற்பிக்கிற எனக்கு அந்தப் பெட்டியின் பழைய பெயர் தெரியும். களவுக் காலத்தில் தலைவியைப் பற்றி ஊர் முணுமுணுக்கத் தொடங்கினால் அம்பல். வாய்விட்டுப் பேசத் தொடங்கினால் அலர். ஒன்று மொட்டு, மற்றது மலர் என்று விளக்கம் சொல்வோம். அலர் எழுந்ததும் தாய் மகளை வீட்டுக்குள் வைத்துக் காவல் காப்பாள். அது இற்செறிப்பு. பதினேழு வருடமாக இதை வகுப்பில் நடத்தி வருகிறேன். அலர் தூற்றியவர்களை அந்தத் தாய் ஏன் ஒன்றும் கேட்பதில்லை, பேசியவர்கள் தெருவில் இருக்க, பேசப்பட்டவள் மட்டும் ஏன் உள்ளே போகிறாள் என்று ஒரு முறைகூட வகுப்பில் நிறுத்திக் கேட்டதில்லை. அந்த மாணவி கேட்ட பிறகுதான் எனக்கே அது கேள்வியாகப் பட்டது.

சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது என்ற அந்த ஒரு வாக்கியம் என்னைச் சர்வதேச உறவுக் கோட்பாடுகளிடம் அனுப்பியது. அது என் துறை இல்லை. அரசியல் அறிவியல் துறையில் இருக்கும் தோழி கொடுத்த புத்தகங்களோடு ஒரு கோடை விடுமுறை கழிந்தது. எங்கள் விடுதியில் படிக்கிற ஒரு பெண்ணின் முகம் எப்படி நாடுகளுக்கு இடையிலான விவகாரமானது, ஆன பின்பும் ஏன் எந்த நாடும் அதைத் தன் விவகாரமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் நான் தேடிய விடை.

*

அந்தத் துறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் வாசிக்கிற பழம்பிரதிகளில் ஒன்று, தூசிடிடீஸ் எழுதிய பெலப்பொனேசியப் போர் வரலாறு. கி.மு. 416இல் ஏதென்ஸின் படை மெலோஸ் என்ற சிறு தீவுக்கு வருகிறது. தீவினர் நடுநிலையாக இருக்க விரும்புகிறார்கள். நீதியைப் பற்றிப் பேசிப் பயனில்லை, பலத்தை வைத்துப் பேசுங்கள் என்ற தோரணையில் ஏதென்ஸ் தூதர்கள் வாதிடுகிறார்கள். யதார்த்தவாதம் என்று அழைக்கப்படும் கோட்பாட்டு மரபு இந்த உரையாடலைத் தன் முன்னோடியாகக் கொண்டாடுகிறது. உரையாடல் பக்கக் கணக்கில் நீள்கிறது. அதன் முடிவு சில வரிகளில் வந்துவிடுகிறது. பிடிபட்ட ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். பெண்கள் அந்த நிகழ்வுக்குள் வருவதே அங்கேதான். பலம் பற்றிய விவாதத்தில் அவர்கள் இல்லை, அதன் விலையில் இருக்கிறார்கள்.

அங்கிருந்து இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் கென்னத் வால்ட்ஸ். 1959இல் வந்த ‘மனிதன், அரசு, போர்’ என்ற நூலில் போருக்கான காரணத்தை மூன்று தளங்களில் தேடுகிறார்: மனித இயல்பு, அரசின் உள்ளமைப்பு, அரசுகளுக்கு இடையிலான ஒழுங்கு. 1979இல் எழுதிய அடுத்த முக்கிய நூலில் மூன்றாவது தளத்தையே அடித்தளமாக்குகிறார். அரசுகளுக்கு மேலே ஓர் அரசு இல்லை, எனவே ஒவ்வோர் அரசும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும், இதுதான் சாரம். இதைப் படிக்கும்போது எனக்கு வீடுகள் மட்டுமே உள்ள ஒரு தெரு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு. கதவுக்கு வெளியே ஆபத்து. உள்ளே என்ன நடக்கிறது என்று கோட்பாடு கேட்காது. கேட்டால் அது வேறு துறை.

கேட்டவர்கள் பெண்கள். ஆன் டிக்னர் 1988இல் எழுதிய கட்டுரையில் ஹான்ஸ் மார்கெந்தாவின் புகழ்பெற்ற ஆறு கொள்கைகளை எடுத்து ஒவ்வொன்றையும் பெண்ணியப் பார்வையில் திருத்தி எழுதினார். பாதுகாப்பு என்பது யாருடைய பாதுகாப்பு என்ற கேள்வியை 1992இல் வந்த அவருடைய நூல் விரித்துச் சொன்னது. எல்லை பத்திரமாக இருக்கும் நாட்டில் வீட்டுக்குள் அடிபடும் பெண் பாதுகாப்பாக இருக்கிறாளா? இல்லையென்றால் எதை வைத்து அந்த நாட்டைப் பாதுகாப்பான நாடு என்கிறோம்? சிந்தியா என்லோ இன்னும் எளிமையான கேள்வியைக் கேட்டார்: பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? வாழைத் தோட்டத்தில், சுற்றுலாக் கடற்கரையில், ராணுவத் தளத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில், தூதர்களின் சமையலறையில் என்று தேடிக்கொண்டே போனார். அந்தரங்கமானது அரசியல் என்ற பெண்ணிய முழக்கத்தை, அந்தரங்கமானது சர்வதேசமானதும்கூட என்று நீட்டினார்.

*

இணையவெளிக்கும் இதே கேள்விகளோடு போகலாம்.

1996 பிப்ரவரி 8 அன்று, டாவோஸ் நகரில் இருந்தபடி ஜான் பெர்ரி பார்லோ ‘சைபர்வெளியின் சுதந்திரப் பிரகடனம்’ ஒன்றை எழுதி வெளியிட்டார். அமெரிக்காவின் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு எதிர்வினை அது. தொழில்வள நாடுகளின் அரசாங்கங்களே, எங்கள் வெளியில் உங்களுக்கு இறையாண்மை கிடையாது, இது மனத்தின் உலகம், உடல்கள் இங்கே இல்லை என்பது அதன் தொனி.

அந்தக் கனவை நானும் கண்டவள்தான். 2000களின் தொடக்கத்தில், பிரௌசிங் சென்டரின் பலகைத் தடுப்புக்குள், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, புனைபெயரில் கவிதை தட்டச்சு செய்த காலம். சாதி, கணவர் பெயர், நிறம், உயரம் எதுவும் தெரியாமல் என் சொல் மட்டும் போய்ச் சேரும் என்று நம்பினேன். உடலைப் பற்றிய ஒரு கவிதையை எழுதியதும் வந்த முதல் மின்னஞ்சல், என்னை ஒரு முறையும் பார்த்திராத ஒருவன் என் உடலை அங்குலம் அங்குலமாக வர்ணித்து எழுதியது. உடல் இல்லாத உலகத்தில் எனக்கு ஓர் உடலைச் செய்து மாட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள்.

உடலைக் கழற்றி வைத்துவிட்டு வரலாம் என்று சொல்லக்கூடியவர், தன் உடல் பிறருக்கு ஒரு செய்தியாக இல்லாதவர். பார்லோவின் பிரகடனத்தில் இருந்த குறை இது என்று நினைக்கிறேன். இன்னொரு குறையும் உண்டு. அந்த மனத்தின் உலகத்துக்குப் போகும் கருவியை யாரோ கையால் பூட்டிச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவும் சீனாவும் வர்த்தகத்தில் மோதிக்கொள்ள, ஐபோன் தயாரிப்பின் ஒரு பகுதி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நகர்ந்து வந்தது. வல்லரசுப் போட்டி என்று கோட்பாடு சொல்வதன் இந்த முனையில் பெரும்பாலும் இளம்பெண்கள் நிற்கிறார்கள். 2021 டிசம்பரில் அவர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றின் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடனிருந்தவர்கள் இறந்துவிட்டதாக ஒரு பேச்சு பரவ, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் எங்கே என்று என்லோ கேட்டால் இந்தச் சாலையைக் காட்டலாம்.

பார்லோ விரட்டிய அரசுகள் வெகுசீக்கிரம் திரும்பி வந்தன. 2007இல் எஸ்டோனியா ஒரு சோவியத் போர்வீரர் சிலையை இடம் மாற்றியதை அடுத்து, அந்த நாட்டின் வங்கிகள், செய்தித்தாள்கள், அரசுத் துறைகளின் இணையதளங்கள் வாரக்கணக்கில் தாக்கப்பட்டன. 2010இல் ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரல் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் எந்திரங்களைப் பழுதாக்க எழுதப்பட்டது அது. 2015இல் வூசென் மாநாட்டில் ஷி ஜின்பிங் சைபர் இறையாண்மையைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு நாடும் தன் இணையத்துக்குத் தானே வேலி போடலாம் என்பது அதன் பொருள். வேலி வேண்டாம் என்று மறுத்த அமெரிக்கா உலகத்தையே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்ததை அதற்கு இரண்டு வருடம் முன்பே ஸ்னோடென் வெளியிட்டிருந்தார். ஒருவர் கதவைப் பூட்டுகிறார், இன்னொருவர் ஜன்னல் வழியே பார்க்கிறார். வீட்டுக்குள் இருப்பவளிடம் இருவருமே எதையும் கேட்கவில்லை.

எது தாக்குதல் என்பதையும் வரையறுத்தார்கள். நேட்டோ சார்ந்த மையம் ஒன்று எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில் இருக்கிறது. அதன் அழைப்பில் சட்ட வல்லுநர்கள் கூடி எழுதிய தாலின் கையேடு 2013இல் வந்தது. போர்ச் சட்டத்தின் கீழ் ஒரு சைபர் நடவடிக்கை தாக்குதல் ஆக வேண்டுமானால், ஆளுக்குக் காயமோ சாவோ, பொருளுக்குச் சேதமோ அழிவோ அதனால் நேரக்கூடியதாக இருக்க வேண்டும். போரைப் பற்றிப் பேசும் நூலில் இந்த வரையறைக்குக் காரணம் உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேதம் என்பதற்குக் காதுக்குக் கேட்கிற சத்தம் இருக்க வேண்டும் என்ற பழக்கம் போர்ச் சட்டத்தோடு நின்றுவிடவில்லை. “படம் பொய்தானே, உனக்கு என்னம்மா ஆச்சு?” என்று எங்கள் குழுவில் ஒருவர் அந்த மாணவியிடம் கேட்டார். அவரும் ஒரு பெண்தான். அவருக்கும் சத்தம் கேட்கவில்லை.

*

நான் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது லெனே ஹான்சன் 2000இல் எழுதிய ஒரு கட்டுரை. பாரி புஸான், ஓலே வேவர் முதலியோர் கோபன்ஹேகனில் வளர்த்த ஒரு கோட்பாட்டுக்கு அது மறுப்பு. ஆபத்து என்பது வெளியே தயாராகக் கிடக்கும் பொருள் இல்லை. அதிகாரத்தில் உள்ள ஒருவர், இது நம் உயிர்ப்பிரச்சினை என்று சொல்லி, கேட்பவர்கள் அதை ஏற்றுக்கொள்ளும்போதுதான் ஒன்று பாதுகாப்புப் பிரச்சினை ஆகிறது. அதாவது பாதுகாப்பு ஒரு பேச்சுச் செயல். இது அவர்களுடைய வாதம். நல்ல வாதம். தேசத்துக்கு ஆபத்து என்ற சொல் எத்தனை கேள்விகளை அடக்கிவிடுகிறது என்பதை இதைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

ஹான்சன் கேட்டது, பேச முடியாதவர்கள் என்ன ஆவார்கள் என்பது. அவர் எடுத்துக்கொண்ட உருவகம் ஆண்டர்சன் கதையில் வரும், குரலைப் பறிகொடுத்த கடல்கன்னி. உதாரணம், பாகிஸ்தானில் கௌரவத்தின் பெயரால் கொல்லப்படும் பெண்கள். எனக்கு ஆபத்து என்று சொன்னால் ஆபத்து கூடும். சொல்லாவிட்டால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவளின் மௌனத்தை, பேச்சை மட்டும் கணக்கில் எடுக்கும் கோட்பாடு பார்க்க முடியாது.

அலரின் இலக்கணமும் இதுதான். அலருக்கு அஞ்சும் தலைவி அதை மறுத்துப் பேசினால் அது இன்னும் மலரும். எங்கள் மாணவி பேசினாள். பேசியதற்குக் கிடைத்தது பெட்டி. அடுத்து யாருக்காவது இப்படி நடந்தால் அவள் எங்களிடம் வருவாளா? வர மாட்டாள். அந்த வருடம் வேறு புகார் எதுவும் வரவில்லை. ஏற்பாடு பலனளித்தது என்று குழுவின் குறிப்பேட்டில் எழுதினோம்.

நாட்டின் அளவிலும் இப்படிப்பட்ட குறிப்பேடுகள் உண்டு. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையத்தை நிறுத்தினார்கள். அதிவேக இணையம் முழுதாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் முதன்மையானவர் ஒரு பெண், ‘காஷ்மீர் டைம்ஸ்’ இதழின் நிர்வாக ஆசிரியர் அனுராதா பாசின். காலவரையற்று இணையத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்று நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. 2023 மே 3 அன்று மணிப்பூரில் கலவரம் வெடித்ததும் இணையம் நின்றது. மறுநாள் குக்கி சமூகப் பெண்களை ஒரு கும்பல் நிர்வாணமாக ஊர்வலம் நடத்தியது. மே மாதமே காவல் நிலையத்தில் புகார் பதிவாகிவிட்டது. ஜூலை 19 அன்று அந்தக் காணொளி வெளியே வந்து நாடே பார்த்த பிறகுதான் முதல் கைது நடந்தது.

வதந்தி உயிரைக் குடிக்கும் என்பது பொய்யில்லை. கலவர நேரத்தில் ஓர் அரசு அதை நினைத்துப் பயப்படுவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் மணிப்பூரில் நடந்ததன் வரிசையைப் பார்க்க வேண்டும். பெண்களின் சொல் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அதற்கு மதிப்பில்லை. அவர்களுடைய சம்மதம் இல்லாமல் எடுத்து, சம்மதம் இல்லாமல் பரப்பிய படத்துக்கு மதிப்பு இருந்தது. பிறகு அந்தப் படத்தை நீக்கச் சொல்லித் தளங்களுக்கு உத்தரவு போயிற்று. வெளியை அடைப்பது, திறப்பது, நீக்குவது எல்லாம் அவர்களைப் பற்றி, அவர்களைக் கேட்காமல் நடந்தன. இறையாண்மை என்ற பெரிய சொல்லை அவிழ்த்தால் உள்ளே இற்செறிப்பு கிடக்கிறது.

*

இற்செறிப்பின் தர்க்கம், வீடு பத்திரமான இடம் என்பது. அந்த நம்பிக்கையும் இப்போது இல்லை.

பெகாசஸ் என்பது இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் உளவு மென்பொருள். அரசுகளுக்கு மட்டுமே விற்பதாக நிறுவனம் சொல்கிறது. ஏற்றுமதிக்கு இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். ஆக இது நாடுகளுக்கு இடையிலான உறவின் ஒரு சரக்கு. பஹ்ரைனின் மனித உரிமைச் செயல்பாட்டாளர் எப்திசாம் அல்-சாயிக், ஜோர்டானின் வழக்கறிஞர் ஹாலா அஹெத் ஆகியோரின் பேசிகளில் இது ஊடுருவியிருந்தது 2022 ஜனவரியில் வெளியானது. வீடும் இனித் தனக்குப் பத்திரமான இடமில்லை என்று எப்திசாம் சொன்னார். நிர்வாணமாக்கப்பட்டதுபோல் இருக்கிறது என்று ஹாலா சொன்னார். அல் ஜசீரா செய்தியாளர் கடா உவைஸ் தன் பேசியிலிருந்து திருடப்பட்ட அந்தரங்கப் படங்கள் 2020இல் பொதுவெளியில் பரப்பப்பட்டதாகக் கூறி அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார். ஓர் ஆண் செய்தியாளரின் பேசியைத் திறந்தால் அவருடைய தொடர்புகளைத் தேடுவார்கள். பெண்ணின் பேசியைத் திறந்தால் அதோடு அவளுடைய படங்களையும் தேடுவார்கள். அரசியல் எதிரியை வீழ்த்தும் ஆயுதமாகவே அலர் பயன்படுகிறது.

அகப்பாடலில் தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது நம் இலக்கணம். புறத்தில் பெயர் சொல்லலாம். அரசன், ஊர், போர்க்களம் எல்லாம் பெயரோடு வரும். காதலை எல்லோருக்கும் பொதுவாக்கத்தான் அந்த விதி என்பார்கள். அது ஒரு காப்பும்கூட என்று இப்போது எனக்குப் படுகிறது. பெயர் தெரியாதவளை ஊர் எப்படித் தூற்றும்? இணைய அலர் முதலில் செய்வது இந்தக் காப்பைக் கிழிப்பது. அகத்தில் இருந்தவள் பெயர், ஊர், எண்ணோடு புறத்தில் நிறுத்தப்படுகிறாள். செய்தவன் பெயரில்லாமல் இருக்கிறான். இந்தியாவில் பெகாசஸ் பயன்படுத்தப்பட்டதா என்று கேட்டபோது ஒன்றிய அரசு தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி விரிவான பதில் தர மறுத்தது. தேசப் பாதுகாப்பு என்று சொன்னாலே எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைத்துவிடாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறி ஒரு குழுவை அமைத்தது. அரசு ஒத்துழைக்கவில்லை என்று அந்தக் குழு சொன்னதை அடுத்த ஆண்டு நீதிமன்றமே தெரிவித்தது. அரசின் பேச்சுக்கு அகப்பாடலின் மறைவு. பெண்ணின் வாழ்வுக்குப் புறப்பாடலின் வெளிச்சம்.

இங்கே பெண்ணியவாதிகளாகிய நாம் ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொள்கிறோம். பாதுகாப்பு கேட்டால் கண்காணிப்பு வருகிறது. 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில், அந்தரங்கப் படம் குறித்துப் புகார் வந்தால் விரைந்து அகற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற நல்ல பிரிவு இருக்கிறது. பொய்யாக ஒட்டிய படங்களுக்கும் அது பொருந்தும். அதே விதிகளில், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யாரென்று செய்திச் செயலிகள் கண்டறிந்து சொல்ல வேண்டும் என்ற பிரிவும் இருக்கிறது. அதற்கான காரணங்களில் நாட்டின் இறையாண்மைக்குப் பக்கத்திலேயே பாலியல் வன்முறையும் வருகிறது. முனைக்கு முனை மறையாக்கத்தை உடைக்காமல் அதைச் செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அடிக்கும் கணவனிடமிருந்து தப்ப நினைக்கும் பெண் தோழிக்கு அனுப்பும் செய்தியும் அந்த மறைவில்தான் பயணிக்கிறது. நம் காயத்தைக் காட்டி நம் பூட்டைக் கேட்கிறார்கள்.

ஐநா பொதுச்சபை 2024 டிசம்பர் 24 அன்று சைபர் குற்றத்துக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. சம்மதமின்றி அந்தரங்கப் படத்தைப் பரப்புவதைக் குற்றமாக்க வேண்டும் என்ற பிரிவு அதில் இருக்கிறது. நாடுகளின் பெரிய மேசையில் அந்த மாணவிக்கு நடந்ததைப் போன்ற ஒன்று ஒரு வழியாக இடம்பிடித்துவிட்டது. அதே உடன்படிக்கை, நான்கு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை தரக்கூடிய எந்தக் குற்றத்துக்கும் நாடுகள் ஒன்றுக்கொன்று மின்னணுச் சாட்சியத்தைப் பகிரலாம் என்கிறது. எது குற்றம் என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும். அரசை விமர்சிப்பது குற்றமாக இருக்கும் நாடுகள் உண்டு. பெண் பெண்ணைக் காதலிப்பது குற்றமாக இருக்கும் நாடுகளும் உண்டு. மனித உரிமை அமைப்புகள் எதிர்த்தது இதனால்தான்.

*

அப்படியானால் அரசே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. அரசை விலக்கினால் அந்த இடத்தில் பெருநிறுவனம் வந்து உட்காரும். அதற்கு நாம் வாக்காளர்கூட இல்லை. காவல் நிலையம் அந்த மாணவியின் புகாரைத் தாமதிக்காமல் எடுத்திருக்க வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். என் கேள்வி, காப்பவர் யார் என்பதைவிட, காப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்பது பற்றியது.

அகமரபிலேயே இற்செறிப்புக்கு மாற்றாக இன்னொன்று இருக்கிறது: அறத்தொடு நிற்றல். தலைவி நடந்ததைத் தோழியிடம் சொல்கிறாள். தோழி செவிலியிடம் சொல்கிறாள். செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையரிடமும் கொண்டுபோகிறாள். அங்கே அறம் என்பது கற்பு, முடிவு திருமணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை; அந்த முடிவு எனக்கு வேண்டாம். அதன் ஒழுங்குதான் எனக்கு வேண்டும். சொல் அவளிடமிருந்து தொடங்குகிறது. அவள் சொன்னது மேலே மேலே எடுத்துச் செல்லப்படுகிறது. இற்செறிப்பில் சொல் ஊரிடமிருந்து தொடங்கி அவள்மேல் வந்து விழுகிறது. இரண்டிலும் பெண்ணின் நலம்தான் பேசப்படுகிறது. ஒன்றில் மட்டும் அவளைக் கேட்கிறார்கள்.

இது வெறும் உருவகமாக நின்றுவிடாது என்பதற்கு ஓர் உதாரணம். 2021 டிசம்பரில் பிரிட்டனில் இயங்கும் ஓர் உதவி மையம் ‘ஸ்டாப்என்சிஐஐ’ என்ற சேவையைத் தொடங்கியது. தன் அந்தரங்கப் படம் பரவிவிடுமோ என்று அஞ்சும் ஒருவர் அந்தப் படத்தை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய பேசியிலேயே படத்துக்கு ஓர் எண்ணடையாளம் உருவாகிறது. அந்த எண் மட்டும் திட்டத்தில் சேர்ந்துள்ள நிறுவனங்களுக்குப் போகிறது. அந்த அடையாளத்தோடு பொருந்தும் படம் பதிவேறினால் தடுக்கலாம். சேராத தளங்களில் இது செல்லாது. எண் பொருந்தாதபடி படத்தை மாற்றிவிடவும் முடியும். குறை நிறைய உண்டு. ஆனால் புகார் கொடுக்க ஒரு முறை, விசாரணைக்கு ஒரு முறை என்று அவள் மறுபடி மறுபடி தன் உடலைக் காட்ட வேண்டியதில்லை. கதவின் சாவியை அவளிடமே விட்டுவிட்டுக் காவல் காக்க முடியும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

சட்டமோ உடன்படிக்கையோ கல்லூரிச் சுற்றறிக்கையோ, பெண்களின் பாதுகாப்புக்கு என்று எது வந்தாலும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: இதன் முதல் சொல் யாருடையது? பெட்டிக்குள் போவது யாருடைய பேசி?

எங்கள் பெட்டி அந்தப் பருவம் முடிந்ததும் தானாகவே கைவிடப்பட்டது. இரவில் இணைய வகுப்பு, தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாள் என்று நடைமுறைக் காரணங்கள் வந்தன. கொள்கையை மாற்றியதாக நாங்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுடைய அக்கா மாவட்ட அலுவலகம்வரை நடந்ததில் அந்தப் பக்கம் ஒரு வழியாக நீக்கப்பட்டது. போட்டவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அவள் படிப்பை முடித்துவிட்டுப் போனாள். விடைபெறும் நாளில் எல்லா ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கிய நோட்டை என்னிடமும் நீட்டினாள். ஏற்கெனவே ஒரு கையெழுத்துப் போட்டவள் நான். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாழ்த்துகள் என்று மட்டும் எழுதினேன்.

போன மாதம் மறுபடி ஒரு சுற்றறிக்கையின் வரைவு என் மேசைக்கு வந்தது. இந்த முறை விடுதி நடைவழிகளில் கேமரா. கையெழுத்திடும் இடத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்: மாணவிகளைக் கேட்டீர்களா?